தயிர்ச்சட்டியும் திமிலைதீவு விமானமும்

மட்டக்களப்பு விமான நிலையத்தில் தயிர்ப் பையைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பிறகு என்னையும் ஏறி நிற்கச் சொன்னார்கள். பின்னால் நின்ற மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கல்யாண வீட்டுச் சாப்பாடெல்லாம் இப்ப வெளிய வரும் மனே" என்றார். சின்ன விமானம், செஸ்னா கரவான். முன்னால் ஒரே ஒரு காற்றாடி, இறக்கைகள் தலைக்கு மேலே. ஆள் நிறை பார்க்காமல் அதில் ஏற்ற மாட்டார்கள்.

மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையில் எனக்குத் தெரிந்த போக்குவரத்து இரவு ரயில்தான். இந்தமுறை கல்யாணத்துக்கு மறுநாளே வேலைக்கு நிற்க வேண்டியிருந்தது. ரயில் காசைப் போலப் பல மடங்கு கொடுத்து டிக்கட் எடுத்தேன். வீட்டில் யாருக்கும் விலையைச் சொல்லவில்லை.

மட்டக்களப்பு டவுன் இருக்கும் புளியந்தீவிலிருந்து ஓட்டோவில் புறப்பட்டால் பெரிய தூரமில்லை. புதூர் தாண்டினால் திமிலைதீவு, விமான நிலையம் அங்கேதான். அதே பக்கமாய் இன்னும் போனால் வலையிறவுப் பாலம், அதற்கு அப்பால் வவுணதீவு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. எங்கள் தலைமுறைக்கு இந்தப் பக்கம் என்றாலே சோதனைச்சாவடியும் அடையாள அட்டையும்தான் நினைவு. விமானத்தளம் என்று யாரும் சொல்வதில்லை, 'காம்ப்' என்போம். மாமாவின் நினைவு வேறு. 1958இல் இது திறந்தபோது அவர் சின்னப் பொடியன். எயார் சிலோன் விமானம் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஒரே சைக்கிளில் மூன்று பேர் ஏறிப் பார்க்கப் போனார்களாம். "இறங்கினவங்களப் பாத்தா வெள்ளக் கால்சட்டைக்காரர். நாங்க வேலிக்கு இஞ்சால நிண்டு கைகாட்டினம். ஒருத்தன் திருப்பிக் காட்டினான்." இதை ஓட்டோவுக்குள் இரண்டு தரம் சொன்னார்.

1983இல் விமானப்படை பொறுப்பெடுத்தது. அதன் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் சாதாரண சனங்களுக்கு இங்கே அலுவல் இருக்கவில்லை. ஓடுபாதையைத் திருத்தி 2016இல் மறுபடி திறந்தார்கள். 2018இல் சிவில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். இப்போது பெயரில் 'சர்வதேச' என்பதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பார்த்தால் நம் ஊர்த் தபால் கந்தோரைக் கழுவித் துடைத்து ஏசி போட்டது போல ஒரு மண்டபம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த விமான நிலையத்துக்கு விரிவாக்கம் என்று பேச்சு எழும்பும்போதெல்லாம் ஜெட் இறங்குமா என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த ஓடுபாதை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். ஏ320 போன்ற ஜெட் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு எழும்ப இரண்டு கிலோமீட்டராவது வேண்டும். அவ்வளவுக்கு நீட்டினால் வாவியைத் தூர்க்க வேண்டும், இல்லாவிட்டால் யாருடையதோ வளவையும் வயலையும் எடுக்க வேண்டும். எதற்கு? யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைப் பாருங்கள். 2019 நவம்பரில் அங்கிருந்து சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது ஏடிஆர் 72. எழுபது பேர்வரை ஏறலாம், காற்றாடி விமானம்தான். அப்படியொன்று இங்கே கிழமைக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்பேன்.

மாமாவின் மகன் கட்டாரில். அவன் லீவில் வந்து திரும்பும் ஒவ்வொரு தரமும் வான் பிடித்து, சோற்றுப் பார்சல் கட்டி, இரவெல்லாம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர்வார்கள். வழியனுப்பப் போனவர்கள் அதே களைப்போடு திரும்பி வர வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, எங்கே கேட்டாலும் இதே கதைதான். திமிலைதீவில் புதுசாக எது கட்டினாலும், அந்த வான் நின்றதா என்றுதான் நான் பார்ப்பேன்.

சரி, தயிர். எருமைத் தயிர், மண்சட்டி, இரண்டு. பயணப்பெட்டியோடு போட்டால் உடைந்துவிடும், கையில் கொண்டு போகவும் ஏலாது என்றார் அங்கு நின்ற பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னார். மாமா ஒன்றும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டார்.

எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே வாவி முழுசாய் விரிந்தது. கல்லடியில் பழைய பாலமும் புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஈர்க்குகள். கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு அப்பால் கடல், படுவான்கரைப் பக்கம் வயல். ரயிலில் இருட்டுக்குள் கடந்து போகும் ஊர் இவ்வளவுக்குத் தண்ணீருக்குள் கிடக்கிறது என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. மாமா போகும் ஓட்டோவைத் தேடினேன். எல்லா ஓட்டோவும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

கொழும்பில் இறங்கிப் போனைத் திறந்ததும் அவர்தான்.

"வந்திட்டியா? அதுக்குள்ளயா? நான் இன்னும் ஒரு சட்டியே முடிக்கல்ல மனே."