ஓவர்ஹெட் பிரஸ்தான் முதலில் நிற்கும்

எங்கள் ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆனதும் மாஸ்டர், எந்த நாள் என்ன பயிற்சி என்று எழுதிய அட்டையை மாற்றிவிடுவார். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் ஆர்ம்ஸ், மனசிருந்தால் சனிக்கிழமை கால். "ஃபுல் பாடி எல்லாம் உடம்பு பழகுறதுக்குத்தான் மேடம், இனிமே ஸ்ப்ளிட்" என்பார். ஃபுல் பாடி என்றால் ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும் பயிற்சி, ஸ்ப்ளிட் என்றால் நாளுக்கு ஒரு பகுதி. மதுரையில் நான் பார்த்த ஜிம்களில் எல்லாம் இதே கதைதான். அவர் ஆணழகன் போட்டி மேடையில் நின்றவர். அந்த உடம்பைப் பார்த்தபிறகு எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. நான் மட்டும் பழைய அட்டையே போதும் என்று சொல்லிவிட்டேன். நாற்பதைத் தாண்டிச் சேர்ந்தவள் என்பதால் பாவம் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பழைய பிகினர் அட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் மூன்று நாள். மூன்று நாளும் ஸ்குவாட், அதாவது வெயிட் மாட்டிய ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. ஒரு நாள் பெஞ்ச் பிரஸும் (மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளுவது) டெட்லிஃப்டும் (தரையிலிருந்து ராடைத் தூக்கி நிற்பது), அடுத்த முறை ஓவர்ஹெட் பிரஸும் (நின்றபடி தலைக்கு மேலே தள்ளுவது) ரோயிங்கும் (குனிந்து ராடை வயிற்றை நோக்கி இழுப்பது). மூன்று செட் (சுற்று), செட்டுக்கு ஐந்து ரெப் (தடவை). டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். எல்லாம் சுத்தமாக முடிந்தால் அடுத்த முறை வெயிட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும்.

புதிதாகச் சேர்பவர்கள் எல்லாரும் கேட்பது, "இதை எத்தனை மாசம் செய்யணும்?" மாதத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. புதியவரின் உடம்பு இன்று தூக்கியதற்கு நாளை மறுநாளே பலமாகித் திரும்பி வருகிறது. முதல் சில வாரங்களில் தசைகூட அவ்வளவாக வளர்வதில்லை. இருக்கிற தசையை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்த வேகம் பிறகு வராது. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2017 உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்னாட்ச்சில், அதாவது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குவதில், தூக்கியது 85 கிலோ. வெள்ளி வாங்கிய டோக்கியோ ஒலிம்பிக்கில் 87. நடுவில் ஏறத்தாழ நான்கு வருடம், உயிரைக் கொடுத்த பயிற்சி. நம்மைப் போன்ற கத்துக்குட்டிக்கு அந்த இரண்டு கிலோவுக்கு மேலேயே ஒன்றுவிட்ட ஒரு நாளில் ஏறுகிறது. அதை ஒரே மாதத்தில் விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்குவாட் போடும் அட்டைக்கு ஏன் போக வேண்டும்?

அதனால் என் பதில்: வெயிட் ஏறுகிற வரைக்கும் இருங்கள். நின்றால் ஏன் நின்றது என்று பாருங்கள். இந்த இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

என் அண்ணன் மகன் இதே அட்டையை ஆனி மாதம் ஆரம்பித்தான். இருபது வயது, எழுபது கிலோ. 40 கிலோவில் தொடங்கிய ஸ்குவாட் புரட்டாசி பிறப்பதற்குள் 90-ஐத் தாண்டியது. புரட்டாசியில் நின்றது. ஒரே வெயிட்டில் மூன்று தடவை ஐந்தாவது ரெப் எழவில்லை. "அத்தை, பிகினர் முடிஞ்சிருச்சு, நான் அடுத்த லெவலு" என்று துள்ளிக்கொண்டு வந்தான். "நேத்து என்னடா சாப்பிட்ட?" என்றேன். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை. பெருமாள் மாசம், அண்ணி வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. எடை தூக்குகிறவனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். அவனுக்கு அது 112 கிராம். அவன் தட்டில் அதில் பாதி இருந்தாலே அதிசயம். மீல் மேக்கர் காய்ந்த நிலையில் நூறு கிராமுக்கு ஐம்பது கிராம் அளவுக்குப் புரதம் தரும். அதையும் பன்னீரையும் கட்டித் தயிரையும் சேர்க்கச் சொன்னேன். அண்ணிக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஜிம்மில் ஒரே ஒரு ஸ்குவாட் ராக் (ராடைத் தாங்கும் சட்டம்), சுற்றிலும் நான்கு பேர். "ப்ரோ, இன்னும் எத்தனை செட்டு?" என்று கேட்டால் இவன் கூச்சப்பட்டு ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்குப் போய்விடுவான். கனமான ஐந்து ரெப்புக்குப் பிறகு மூன்றிலிருந்து ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும். காலை நேரத்துக்கு மாறினான். வெயிட்டைப் பத்து சதவீதம் குறைத்து மறுபடி ஏறினான். தீபாவளி சமயத்தில் நூறைத் தாண்டிவிட்டான்.

பெண்களுக்கு வேறு ஒரு சிக்கல், இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் ஜிம்மில் ராடில் மாட்டுகிற பிளேட்டில் இருப்பதிலேயே சின்னது இரண்டரைக் கிலோ. ராடில் பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஐந்து கிலோ. நூறு கிலோ ஸ்குவாட்டில் அது ஐந்து சதவீதம். என் ஓவர்ஹெட் பிரஸ் அப்போது இருபது கிலோ, அதில் இருபத்தைந்து சதவீதம்! அப்படி ஏற்றினால் யாருக்கும்தான் நிற்கும். அது என் பலத்தின் எல்லை இல்லை, பிளேட்டின் எல்லை. மணிக்கட்டில் கட்டுகிற அரைக்கிலோ வெயிட் பட்டை ஒரு ஜோடி வாங்கி, ராடின் இரண்டு முனையிலும் சுற்றினேன். ஒரு கிலோ கூடியது. பார்க்கக் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி இருந்தது, லேடீஸ் பேட்ச் முழுக்கச் சிரித்தது. ஆனால் பிரஸ் அதற்கப்புறம் பல வாரம் ஏறியது. பிரஸில் வேலை செய்யும் தசைகள் கால், முதுகுத் தசைகளைவிடச் சின்னவை என்பதால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் நிற்பது அதுதான். டெட்லிஃப்ட் பெரும்பாலும் கடைசி. எனவே புரோகிராம் மொத்தமாக ஒரே நாளில் முடிவதில்லை, ஒவ்வொரு லிஃப்டாகக் கழன்றுகொள்ளும்.

நிஜமாகவே முடிந்தது எப்படித் தெரியும்? அண்ணன் மகனுக்கு அது தை மாதம் வந்தது. சாப்பாடு சரி, எட்டு மணி நேரத் தூக்கம், செட்டுக்கு நடுவில் போதுமான ஓய்வு. இரண்டு தடவை பத்து சதவீதம் குறைத்து ஏறியும் ஸ்குவாட் அதே இடத்தில் முட்டியது. வார்ம்-அப் வெயிட்டே கனக்கிறது என்றான். இரண்டு நாள் ஓய்வு இனி அவனுக்குப் பத்தாது. அந்த நிலையில் பல்லைக் கடித்துக்கொண்டு அதே அட்டையில் கிடப்பது வெட்டி வேலை. மூட்டு வலியால் நிற்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அதற்கு டாக்டரைப் பாருங்கள்.

இப்போது அவனுக்கு வாரத்தில் ஒரு நாள் கனம், ஒரு நாள் லேசு, ஒரு நாள் நடுத்தரம். வெயிட் ஏறுவது வாரத்துக்கு ஒரு தடவை. ஸ்குவாட்டுக்கும் பெஞ்சுக்கும் பிரஸுக்கும் மட்டும்தான் இந்த மாற்றம், டெட்லிஃப்டைப் பழையபடியே ஏற்றிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பிரஸ் மட்டும் வாரக் கணக்குக்குப் போய்விட்டது. நடுவில் வீட்டுக் கல்யாண வேலையில் ஒரு மாதத்துக்கு மேல் ஜிம் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து இருபது சதவீதம் குறைத்து அதே பிகினர் அட்டையில் ஆரம்பித்தேன். முதல் தடவையைவிட வேகமாக ஏறியது. இடைவெளி விட்டவர்கள் எல்லாரும் தாராளமாக இப்படித் திரும்பலாம்.