பழைய கணினியிலிருந்த விண்டோஸ் உரிமத்தைப் புதியதற்கு மாற்றிய கதை

கோயில் கும்பாபிஷேக மலர்களுக்கும் பாடசாலைச் சஞ்சிகைகளுக்கும் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கல்லடியில் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அங்கிருந்த கணினிக்கென 2018இல் விண்டோஸ் 10 ப்ரோவைப் பெட்டியுடன் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தேன். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை ப்ரொசெசர் கொண்ட என் கணினியோ விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளுக்கு எட்டாதது. ஆகவே பாகங்களை வாங்கிப் புதிய கணினியொன்றைப் பொருத்துவித்தேன்.

நகரத்தில் அதைப் பொருத்தித் தந்த தம்பி, "அண்ணன், விண்டோஸுக்கு ஏன் யோசிக்கிறீங்க? நான் ஒரு டூல் போட்டு அக்டிவேட் பண்ணித் தாறன்" என்றார். அவர் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. பலருக்கும் அப்படித்தான் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் அந்த டூல்களுட் பல, நிறுவனங்களுக்குள் பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சேர்வரைப் போல நடித்து விண்டோஸை நம்பவைப்பவை. 180 நாள் மட்டுமே நிற்கும் அந்த அக்டிவேஷனை, அதாவது உரிமம் உண்டென்ற உறுதிப்படுத்தலை, அவை பின்னணியில் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். அவற்றை நிறுவுவதற்கு முதலில் வைரஸ் காவலையே நிறுத்தச் சொல்வார்கள். ஒரு கோயிலின் கணக்கு விபரமும் ஒரு பாடசாலைப் பிள்ளைகளின் படங்களும் கிடக்கும் கணினியில் அப்படியொன்றை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய உரிமம் அலுமாரிக்குள் இருக்கிறது. விண்டோஸ் 11 ப்ரோவை மட்டும், உரிமத்துக்கான இரகசியக் குறியீடான கீ இல்லாமல் நிறுவித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். விண்டோஸ் 10 ப்ரோவின் கீயே 11 ப்ரோவுக்கும் பொருந்தும்.

உரிமத்தை மாற்றலாமா என்பது அது எந்த வழியால் நம்மிடம் வந்தது என்பதைப் பொறுத்தது. தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமத்தை, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டால், இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். லப்டொப்புடன் சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் அந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. எது எதுவெனப் பார்க்க, கட்டளைகளைத் தட்டும் சாளரமான கொமாண்ட் ப்ரொம்ப்டில் 'எஸ்எல்எம்ஜிஆர்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'டிஎல்ஐ' என்று சேர்த்தால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். என் பழைய கணினியில் அது 'ரீட்டெய்ல் சனல்' என்றது. கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் பெட்டியிலிருந்த அட்டையோடு ஒத்துப்போயின. அதே நாளில் தன் பழைய லப்டொப்பின் விண்டோஸையும் மாற்றித் தரும்படி தங்கை கேட்டிருந்தாள். அதில் 'ஓஇஎம் டிஎம்' என்று வந்தது. அதை மாற்ற முடியாது என்று அவளுக்குச் சொல்ல எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

அட்டையில் மூன்றாம் தொகுதியின் ஓர் எழுத்து மங்கிப்போயிருந்தது. இந்தக் கீகளில் சுழியம், ஒன்று, ஐந்து ஆகிய இலக்கங்களும் ஆங்கில உயிரெழுத்துகளும் வருவதேயில்லை என்பதால் ஊகிப்பது இலகுவானது. எட்டா, 'பி'யா என்ற ஒரு சந்தேகந்தான் மிஞ்சியது. எட்டு என்று இட்டபோது கீ சரியானதென ஏற்றுக்கொண்டது; ஆனால் அக்டிவேட் ஆகவில்லை.

என் பிழை இதற்கு முன்பே நடந்துவிட்டது. பழைய கணினியில், எஸ்எல்எம்ஜிஆரோடு 'டிஎல்ஐ'க்குப் பதிலாக இடும் 'யூபிகே' கட்டளையால் கீயை நீக்கியவுடன் உரிமம் விடுபட்டுவிட்டது என்று நினைத்தேன். புதிய கணினியில் கீயை இட்டபோதோ, 0எக்ஸ்சி004சி008 என்ற பிழை வந்தது: இந்தக் கீ வேறொரு கணினியில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். யூபிகே கட்டளை நம் கணினியிலிருந்துதான் கீயை அகற்றுகிறது. மைக்ரோசொப்டின் சேர்வருக்கு அது எதையும் அறிவிப்பதில்லை. அங்குள்ள பதிவில் என் கீ பழைய மதர்போர்டோடேயே சேர்ந்து கிடந்தது. மாரி மழையில் அன்று பின்னேரம் இரண்டு தடவை கரண்டும் போனதால், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை.

மறுநாள் பழைய கணினியில் அதே கீயைத் திரும்ப இட்டேன். வன்பொருள் மாறாததால் உடனே அக்டிவேட் ஆனது. பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். 'டெஸ்க்டொப்' என்று தொடங்கி எழுத்தும் இலக்கமுமாகக் கலந்து கிடந்த கணினியின் பெயரை எனக்கு விளங்கும் பெயராக மாற்றினேன். அதன்பின் மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்தேன். செட்டிங்ஸின் அக்டிவேஷன் பக்கத்தில், டிஜிட்டல் உரிமம் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளது என்ற வரி தோன்றும்வரை வேறெதிலும் கைவைக்கவில்லை. அந்த வரியைக் கண்ட பிறகே யூபிகேயைத் திரும்ப இயக்கி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியிலிருந்தும் கீயைத் துடைக்கும் 'சிபிகேவை' என்ற கட்டளையையும் கொடுத்தேன்.

புதிய கணினியில் நிர்வாகி உரிமையுடன் அதே கணக்கால் நுழைந்து, அக்டிவேஷன் பக்கத்தில் 'ட்ரபிள்ஷூட்' பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் அக்டிவேட் ஆகாத நிலையில்தான் அந்தப் பொத்தான் அங்கே தெரியும். அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற தெரிவைச் சொடுக்கியதும், என் கணக்கிலிருந்த கணினிகளின் பட்டியல் வந்தது. மாற்றிவைத்த பெயர் அங்கே கைகொடுத்தது. 'நான் இப்போது பயன்படுத்துவது இந்தச் சாதனத்தைத்தான்' என்ற வரிக்கு எதிரே சரி அடையாளம் இடும்போது, பழைய கணினியின் பெயருக்கு அப்படிச் சொல்வது சரியா என்று சற்றுத் தயங்கினேன். உரிமத்தை இந்தக் கணினிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வாசகம் அதுதான். ஒரு நிமிடத்துக்குள் அக்டிவேட் ஆகிவிட்டது. இரண்டு கணினிகளிலும் ப்ரோ பதிப்பே இருந்ததும் அதற்குக் காரணம். ஒன்றில் ஹோம் இருந்திருந்தால் இந்த வழி திறந்திருக்காது.

பழைய கணினியின் வட்டை அழித்து, இலவச இயங்குதளமான உபுண்டு நிறுவித் தங்கையின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். கீ அட்டையின் பின்புறத்தில், மங்கிய எழுத்து எட்டு என்பதையும் புதிய கணினியின் பெயரையும் மாற்றிய திகதியையும் பேனையால் எழுதி, அதே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.