வருடப்பிறப்புக்குள் மெற்ஸ் அணியை எடைபோடுவது

அமெரிக்க பேஸ்போல் பருவம் மார்ச் கடைசியில் தொடங்கும். இங்கே மட்டக்களப்பில் நாம் கைவிசேடம் வாங்கும் நாளில் நியூயோர்க் மெற்ஸ் ஏறக்குறைய 16 ஆட்டங்களை முடித்திருக்கும். மொத்தம் 162 ஆட்டங்கள் என்பதால், பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். அதற்குள் 11 வெற்றி என்றால் கொண்டாட்டம், 5 வெற்றி என்றால் ஒப்பாரி. இரண்டும் வேண்டாம் என்பதற்கு இந்த அணியே சாட்சி.

2024இல் முதல் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. ஜூன் 2இல் 24 வெற்றி, 35 தோல்வி. அதே அணி 89 வெற்றிகளோடு முடித்து, தேசிய லீக் இறுதித் தொடர் வரை போய் டொட்ஜர்ஸிடம் 4-2 என்று தோற்றது. அடுத்த வருடம் தலைகீழ். 2025 ஜூன் 12இல் 45 வெற்றி, 24 தோல்வி; முப்பது அணிகளிலும் முதலிடம். அதன்பின் 38 வெற்றி, 55 தோல்வி. கடைசியில் சின்சினாட்டியும் மெற்ஸும் 83-79 என்று சமமாக நிற்க, நேருக்கு நேர் ஆடிய கணக்கில் மெற்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையாமல் வெளியே போனது. நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

ஆகவே சித்திரையில் புள்ளிப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, சீக்கிரம் நிலைப்படும் எண்களைத் தேட வேண்டும். முழுநேரத் துடுப்பாட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 4 தடவைக்குச் சற்று மேல் துடுப்பெடுப்பார். 15 ஆட்டத்தில் சுமார் 65 தடவை. ஸ்ரைக்அவுட், அதாவது மூன்று பந்துகளைத் தவறவிட்டு ஆட்டமிழப்பது, அதன் வீதம் ஏறக்குறைய 60 தடவையிலேயே நம்பத்தக்கதாகிவிடும். வோக், அதாவது நான்கு தவறான பந்துகளால் முதலாம் தளத்துக்கு நடந்து போவது, 120 தடவை கேட்கும். அது ஏப்ரல் முடிவில்தான் வரும். துடுப்பாட்டச் சராசரியோ, அதாவது வோக் போன்றவை நீங்கலாகத் துடுப்பெடுத்த தடவைகளில் ஹிட் (அடித்துத் தளம் சேர்வது) ஆன பங்கோ, ஒரு முழுப் பருவத்திலும் சரியாக நிலைப்படாது. அடித்த பந்து களத்தடுப்பாளரின் கைக்கு நேராகப் போவதும் இரண்டு பேருக்கு நடுவே விழுவதும் பெரும்பாலும் அதிர்ஷ்டம். களத்துக்குள் விழும் பந்துகளில் பத்துக்கு மூன்று ஹிட் ஆவது லீக் வழக்கம். ஒருவருக்கு ஐந்து ஆகிறதென்றால் அது இறங்கும், ஒன்றரை என்றால் ஏறும்.

மெற்ஸின் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் 2024 மே நடுப்பகுதியில் சராசரியில் .200ஐக்கூடத் தொடாமல் நின்றார். பருவ முடிவில் .273, 33 ஹோம் ரன் (மதிலைத் தாண்டும் அடி), அதிசிறந்த வீரர் விருதில் டொட்ஜர்ஸின் ஒட்டானிக்கு அடுத்த இடம். 15 வருடத்துக்கு 765 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் வந்த ஹுவான் சோட்டோவை 2025 வசந்தத்தில் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் அவர் வோக் எடுப்பது குறையவில்லை, கண் சரியாகத்தான் இருந்தது. முடிவு 43 ஹோம் ரன், 38 தளத் திருட்டு (பந்து வீசப்படும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது). சராசரி மட்டும் சரிந்து, வோக்கும் ஸ்ரைக்அவுட்டும் பழையபடி இருந்தால் பொறுத்திருங்கள். ஸ்ரைக்அவுட் திடீரென்று ஏறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஏப்ரல் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லடிக் கடற்கரையின் சித்திரை வெக்கையில் இருந்து நினைத்துப் பார்ப்பது கடினம், ஆனால் மெற்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் இரவில் 10 பாகை செல்சியஸ் வரை இறங்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆடி மாத வெப்பத்தில் 400 அடி போகும் பந்து இப்போது சுமார் 10 அடி முன்னதாகவே இறங்கிவிடும். மதிலோரம் பிடிபடும் பந்துகளில் சில பிறகு ஹோம் ரன் ஆகும். பந்துவீச்சு வேகமும் ஏப்ரலில் மணிக்கு ஒரு மைல் அளவு குறைவது வழக்கம். எனவே ஒருவருடைய வேகத்தைப் போன ஆகஸ்டோடு ஒப்பிடாதீர்கள், போன ஏப்ரலோடு ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தும் இரண்டு மைல் குறைந்திருந்தால் தோளிலோ முழங்கையிலோ ஏதோ இருக்கிறது என்று எடுக்கலாம்.

வெற்றி எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு. எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 15 ஆட்டத்தில் 70 எடுத்து 60 கொடுத்தால் 4900ஐ 8500ஆல் வகுக்க 0.576 வரும், எட்டரை வெற்றிக்குரிய ஆட்டம். பட்டியலில் 11 இருந்தால் இரண்டு மூன்று அதிர்ஷ்டத்திடம் கடன் வாங்கியது.

எல்லாவற்றிலும் முக்கியம் என்று நான் சொல்வது தொடக்கப் பந்துவீச்சாளர் ஓர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எத்தனை இன்னிங்ஸ் போகிறார் என்பது. 2025இன் பிழை அங்கேதான் ஒளிந்திருந்தது. அந்த வசந்தத்தில் மெற்ஸ் தொடக்கப் பந்துவீச்சாளர்கள் விட்டுக்கொடுத்த ஓட்டச் சராசரி லீக்கிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஆனால் ஐந்து இன்னிங்ஸோடு இறங்குவது வாடிக்கையாகிவிட்டது. ஓர் இன்னிங்ஸுக்கு 15, 16 பந்து சிக்கனம். 18, 19 ஆனால் ஐந்தாவதிலேயே 90ஐத் தாண்டிவிடும். மிச்ச நான்கு இன்னிங்ஸின் 12 அவுட்டையும் புல்பென், அதாவது மாற்றுப் பந்துவீச்சாளர்கள், எடுக்க வேண்டும். ஒரு நாளைக்குத் தாங்கும், இரண்டு மாதம் தாங்காது. ஜூன் 12இல் முதலாம் தளத்தை மூட ஓடிய கோடாய் செங்காவுக்குத் தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டதும், ஏற்கனவே களைத்த புல்பென்னால் அந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. பருவம் முடியும்போது பந்துவீசியவர்கள் 40 பேருக்கு மேல். எட்டாவது இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த ஆட்டம் ஒன்றைக்கூட அந்த வருடம் வெல்லவில்லை.

நியூயோர்க்கில் இரவு 7.10 ஆட்டம் நமக்கு அதிகாலை 4.40. பந்து வீச நேரவரம்பு வைக்கும் பந்துவீச்சு மணிக்கூடு வந்த 2023 முதல் ஆட்டங்கள் இரண்டரை மணித்தியாலம் சொச்சத்தில் முடிகின்றன. முழுதும் பார்க்க நேரமில்லாதவர்கள் மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்போது பந்து எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 50க்குள் என்றால் ஆறாவது வரை நம்பலாம். 60ஐத் தாண்டியிருந்தால் அன்று மட்டுமல்ல, அடுத்த இரண்டு நாள் புல்பென்னும் கடனில்தான்.