சங்கிலியை எடுக்கச் சொன்னேன்

"மன்னிக்கணும், அந்தச் சங்கிலியை நீங்கள் எடுத்துத்தான் ஆகவேண்டும்." 2020 ஏப்ரலில், பொதுப்பாதையில் உள்ள கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிய ஒரு பண்ணைக்காரரிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையோரம் பொதுப்பாதைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. மறித்தால் 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். இவருடைய இடத்தில் பாதை பண்ணை முற்றத்துக்குள் புகுந்து, சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை. வெளியே வரவே வேண்டாம் என்று அரசாங்கக் கடிதம் வந்திருந்தது. எப்போதாவது நாலு பேர் வந்துபோன பாதையில் ஊரடங்குக்குப் பிறகு நாள் முழுக்க ஆட்கள். எல்லோரும் அதே கேட்டின் கொக்கியைத் தொட்டுத்தான் திறக்கவேண்டும்.

அரசு வழிகாட்டுதலை வாசித்துக் காட்டினேன். கேட்டைத் திறந்தபடி கட்டி வைக்கலாம், வேறு வழியில் போகும்படி கேட்டுக்கொண்டு போர்டு வைக்கலாம், மாற்றுப்பாதை காட்டலாம். மூட மட்டும் கூடாது.

"ஆடு குட்டி போடுகிற நேரம். கேட்டைத் திறந்து போட்டால் ஆடு நிற்குமா?" என்றார். மாற்றுப்பாதைக்கு இருந்ததோ ஒரே வயல். அதில் பிறந்து ஓரிரு நாளான குட்டிகள். நடக்க வருபவர்களின் நாயைக் கண்டு தாயாடு மிரண்டு ஓடினால் குட்டி தனியே நின்றுவிடும். பிறகு தாய் அதைச் சேர்க்காமலும் போகலாம்.

அப்புறம்தான் கேட்டார்: "2001ல் ஆடுமாடுகளுக்காக நாட்டிலுள்ள பாதையெல்லாம் மூடினீர்களே. என் மனைவிக்காக ஒன்றை மூட முடியாதா?"

அது கோமாரி நோய் பரவிய வருடம். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அப்போது பாதைகளை மூட அதற்கென்றே உத்தரவு இருந்தது, இப்போது இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம், வேல்ஸில், மார்ச் மாதமே கொரோனாவுக்காகப் பாதைகளை மூட விதி கொண்டுவந்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

நான் சொன்னது சரி என்றுதான் பல நாள் நினைக்கிறேன். சங்கிலியைப் பற்றிப் புகார் சொன்ன பெண் இரண்டு பிள்ளைகளோடு தோட்டமில்லாத மாடி வீட்டில் இருந்தார். அந்தப் பாதையை விட்டால் நடைபாதையே இல்லாத, லாரி ஓடும் ரோடுதான். அவர்களையும் உடற்பயிற்சிக்கு நாளில் ஒருமுறைதான் வெளியே போகச் சொல்லியிருந்தது அரசு. தவிர, அந்த வாரம் வேறு பல கேட்டுகளிலும் 'பாதை மூடப்பட்டது' என்று அட்டை தொங்கியது, வீட்டில் நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களை எப்படிக் கேட்பது?

அவர் ஆடுகளை வேறு இடத்துக்கு மாற்றி, கேட்டைத் திறந்து கட்டினார். அலைச்சல் முழுக்க அவருடையது. திறந்தவெளியில் தொற்று அபாயம் மிகக் குறைவு என்று அவருக்குச் சொன்ன நான், என் வீட்டில் கூரியர்காரரைக்கூட வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தேன். அபாயம் குறைவு என்பதை என் வீட்டு வாசலில் நானே நம்பவில்லையே.

முற்றத்துக்குள் போகும் பாதையை, உள்ளே நோயாளி இருக்கும்வரை, கொஞ்ச காலத்துக்கு மூடிவைக்கும் அதிகாரம் எங்களிடம் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் வீடு வீடாக "அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கும். அது இதைவிட நல்ல வேலையா, தெரியவில்லை. இருந்தாலும் அந்த அதிகாரம் வேண்டும் என்றுதான் சொல்வேன்.