கட்டுமானப் பொறியியலுக்குத் தமிழில் ஒரு கூட்டுக் கையேடு: மீடியாவிக்கியில் உருவாக்கிய விதம்

ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்டிரிங்கை எத்தனை நாளில் பிரிக்கலாம் என்று இணையத்தில் தேடினால் பதில் உடனே வந்துவிடும்: ஸ்லாபுக்கு 7, பீமுக்கு 14. இரண்டும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர ஆவணம் (சுருக்கமாக ‘தரம்’) ஐஎஸ் 456:2000-இன் 11.3.1 பிரிவில் உள்ள எண்கள்தான். ஆனால் ஸ்லாபின் ஸ்பான், அதாவது தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளம், 4.5 மீட்டருக்குள் இருந்தால்தான் முட்டுக்கால்களை 7 நாளில் எடுக்கலாம். அதைத் தாண்டினால் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இவையும் ஓபிசி எனப்படும் சாதாரண போர்ட்லாந்து சிமென்ட் போட்டு, வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், க்யூரிங் (ஈரம் காயாமல் காப்பது) ஒழுங்காக நடந்தால் மட்டுமே பொருந்தும். வீட்டு வேலைக்கு வரும் மூட்டையோ பல இடங்களில் பிபிசி எனப்படும் போசோலானா கலந்த சிமென்ட். அதற்கு நாட்களைக் கூட்ட வேண்டும். நிபந்தனை உதிர்ந்து எண் மட்டும் கைமாறினால் இளம் கான்கிரீட் தொய்யும், விரிசல் விடும், மோசமான நிலையில் விழும்.

அதனால் சர்வர் வாங்குவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தோம். கையேட்டின் அடிப்படை அலகு கட்டுரை அல்ல, நிபந்தனையோடு கூடிய மதிப்பு. எல்லையையும் சுருக்கினோம்: தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட ஆர்சிசி கட்டடம், அதிலும் சைட்டில் நடக்கும் வேலை மட்டும். நிலநடுக்க வடிவமைப்பை அதைச் செய்யத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடமே விட்டுவிட்டோம். எல்லை வகுக்காமல் தொடங்கும் கையேடுகளில் நூற்றுக்கணக்கான தலைப்புகள் இருக்கும், உள்ளே இரண்டு வரிக்கு மேல் இருக்காது.

நடைமுறைக்கு முன்மாதிரி செபாக் எனப்படும் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங் கையேடு. 2009-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கல்வி நிறுவனமும் கடற்படை முதுநிலைப் பள்ளியும் முன்னின்று தொடங்கிய வேலை அது, 1.0 பதிப்பு 2012-இல் வந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது, ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்திவிட முடியாது. வாசகர் கருத்துச் சொல்லலாம், ஆசிரியர் குழு பார்த்துப் பதிப்பு எண்ணோடு வெளியிடும். உயிரோடு விளையாடும் விஷயத்துக்கு விக்கிப்பீடியாவின் திறந்த முறையைவிட இதுவே பொருத்தம்.

வேலையின் பெரும்பகுதி ‘மதிப்பு’ என்ற ஒற்றை வார்ப்புருவில் (பல பக்கங்களில் அழைத்துப் பயன்படுத்தும் டெம்ப்ளேட்) போனது. அதில் உள்ள களங்கள்: எண், அலகு, எந்த உறுப்பு, நிபந்தனை, தர எண், வெளியான ஆண்டு, திருத்த எண், பிரிவு, சரிபார்த்த தேதி. நிபந்தனைக் களம் காலியாக இருந்தால் எண் திரையில் தெரியாது. சிவப்புப் பெட்டிதான் வரும். எழுதுகிறவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், பற்றிய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கவர் 20 மி.மீ.’ என்று எழுதி முடித்துவிட முடியாது. 20 என்பது ‘மைல்டு’ எனப்படும் மிக லேசான சூழலுக்கு; அதற்கடுத்த நிலைக்கு 30; கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட் கடுமையான சூழலில் வரும், அங்கே 45 மி.மீ. கவரும் குறைந்தது எம்30 கான்கிரீட்டும் (எம்-க்குப் பின் வருவது வலிமை எண், சதுர மி.மீ.க்கு நியூட்டனில்) வேண்டும். சேலத்தில் சரியாக இருக்கும் கவர் பிளாக்கை (கம்பிக்கு அடியில் இடைவெளிக்காக வைக்கும் கட்டை) நாகப்பட்டினம் கடற்கரையில் வைத்தால் சில ஆண்டுகளில் கம்பி துருவேறி ஊதி, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். பெட்டியை நிரப்பும்போது எழுதுகிறவரே இதை யோசித்தாக வேண்டியிருக்கிறது.

இந்தக் களங்களை கார்கோ என்ற நீட்சி (மீடியாவிக்கியோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) தரவுத்தள அட்டவணையாகச் சேமிக்கிறது. பலன் தெரிவது தரம் திருத்தப்படும்போது. மிக்ஸ் டிசைனுக்கான (கான்கிரீட் கலவை விகிதத்தைக் கணக்கிடுவது) ஐஎஸ் 10262-இன் 2009 பதிப்பு போய் 2019 பதிப்பு வந்ததுபோல ஒரு மாற்றம் வந்தால், பழைய ஆண்டைச் சுட்டும் எல்லா மதிப்புகளும் ஒரே வினவலில் பட்டியலாகிவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: வார்ப்புருவில் களத்தைக் கூட்டினாலோ பெயரை மாற்றினாலோ கார்கோ அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும். மறந்தால் பக்கத்தில் புதிய தகவலும் பட்டியலில் பழையதும் தெரியும். ஆகவே களங்களை முதலிலேயே காகிதத்தில் முடிவுசெய்துவிடுவது நல்லது.

திருத்த எண்ணுக்குத் தனிக் களம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு க்யூப் டெஸ்ட், அதாவது கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கி வலிமை பார்க்கும் சோதனை, போதும். 2000-இல் அச்சான ஐஎஸ் 456-இல், எம்20-உம் அதற்கு மேலும் உள்ள கான்கிரீட்டில் தனி மாதிரி ஒன்றின் முடிவு, குறித்த வலிமையைவிடச் சதுர மி.மீ.க்கு 4 நியூட்டன் வரை குறையலாம். பின்னால் வந்த திருத்தம் அதை 3 ஆக்கியது. எம்25-இல் சதுர மி.மீ.க்கு 21.5 நியூட்டன் வந்த மாதிரி பழைய பிரதிப்படி தேறும், இப்போதைய விதிப்படி தேறாது. தரத்தின் ஆண்டு இரண்டுக்கும் 2000-தான். பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதப்படும் பக்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றன.

தரங்களின் வாசகத்தையோ அட்டவணையையோ அப்படியே ஏற்றக் கூடாது. காப்புரிமை இந்தியத் தர நிர்ணய அமைவனத்துடையது. மதிப்பைச் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பிரிவு எண்ணைக் காட்டுவதோடு நிறுத்துகிறோம். எங்கள் உரைக்கும் படங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமம் 4.0.

தமிழுக்கென்று சில அமைப்புகள் இருக்கின்றன. மீடியாவிக்கியின் இயல்பு வரிசை யூனிகோடு எண்ணைப் பின்பற்றுவதால் பகுப்புப் பக்கத்தில் ‘ஜல்லி’ சகரத்தை ஒட்டி வந்து நிற்கும். ‘வைப்ரேட்டர்’ ழகரத்துக்கும் பின்னால் போய்விடும். பகுப்பு வரிசை அமைப்பை யூசிஏ-டிஏ (uca-ta, தமிழ் அகரவரிசை) என்று மாற்றி, மீடியாவிக்கி எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் இன்டில் (intl) நீட்சியை நிறுவி, வரிசையைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டினால் சரியாகும். எஸ்விஜி படங்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவ வேண்டும். தேடலுக்கு வழிமாற்றுப் பக்கங்கள்தான் கைகொடுக்கின்றன: சென்ட்ரிங், செண்டிரிங், ஷட்டரிங் எல்லாம் ஒரே பக்கத்துக்குப் போகும்.

அலகுகளிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மணல் லாரியில் யூனிட் கணக்கில் வருகிறது. 1 யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மதிப்பை மெட்ரிக்கில் சேமித்து, கன அடியையும் யூனிட்டையும் வார்ப்புருவே கணக்கிட்டுக் காட்டும்படி வைத்தோம். தண்ணீரை மட்டும் மூட்டைக் கணக்கில் சொல்வதே சைட்டில் எடுபடுகிறது: நாமினல் மிக்ஸ் (தனிக் கணக்கின்றி நிலையான விகிதத்தில் கலப்பது) எம்20-க்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இதற்குள்தான் அடக்கம்.

எழுதுகிறவர்களைச் சேர்ப்பதுதான் கடினம். முப்பது வருடம் சைட்டில் நின்ற மேஸ்திரி விக்கிக் குறியீட்டைப் படிக்கப்போவதில்லை, அவரைப் படிக்கச் சொல்வதும் நியாயமில்லை. அவர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினால் போதும். ஒருவர் அதை எழுத்தாக்கி, விவாதத்துக்கான பேச்சுப் பக்கத்தில் இடுவார், இன்னொருவர் தரத்தோடு ஒப்பிடுவார். ஒவ்வொரு பக்கத்துக்கும் வடிவமைப்பு தெரிந்த ஒருவரும் சைட் தெரிந்த ஒருவரும் ஒப்புதல் தர வேண்டும். முன்னவர் எண்ணைப் பார்ப்பார். அந்த எண்ணை வேலையில் எப்படிச் செய்வது என்பது பின்னவருக்குத்தான் தெரியும். கவர் பிளாக்கை எத்தனை அடிக்கு ஒன்று வைத்தால் கம்பி தொங்காது என்பதை எண் பார்த்தவரால் சொல்ல முடியவில்லை.

ஒப்புதலான பதிப்பை மட்டும் வாசகருக்குக் காட்ட அப்ரூவ்டு ரெவ்ஸ் நீட்சி இருக்கிறது. அதில் ஓர் ஓட்டை உண்டு. பக்கத்தை உறைய வைத்தாலும் அதற்குள் அழைக்கப்படும் வார்ப்புரு உறைவதில்லை. வார்ப்புருவில் செய்யும் பிழை ஒப்புதலான எல்லாப் பக்கங்களிலும் உடனே தெரியும். அதனால் வார்ப்புருக்களை நிர்வாகிகள் மட்டும் திருத்தும்படி பூட்டுங்கள். மாற்றத்தை நகல் வார்ப்புருவில் சோதித்துப் பார்த்த பிறகு உண்மையானதில் இடுங்கள்.

எரித (ஸ்பாம்) கணக்குகளைத் தடுக்க, பதிவின்போது கேள்வி கேட்கும் க்வெஸ்டி கேப்ட்சா போதுமானது. எங்கள் கேள்விகளில் ஒன்று: 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு எத்தனை கிலோ? விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் 0.395 வரும். 0.39, 0.4 என்று எழுதுவோரும் உண்டு, அவற்றையும் விடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பேக்கப்பில் மூன்று இருக்க வேண்டும்: தரவுத்தளம், படக் கோப்புறை, விக்கியின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. தரவுத்தளத்தை எடுக்கும்போதும் திரும்ப ஏற்றும்போதும் எழுத்துக்குறித் தொகுதியை பைனரி என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு பக்கத்தைத் திறந்து, ‘மதிப்பு’ பெட்டிகள் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே பழைய பிரதியை அழிக்கிறோம்.