எல்லாமே 'தொடங்குதல்' என்றால் எந்த விடையை டிக் செய்வது?

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் ஃபிரேசல் வெர்ப் (வினையோடு அவுட், அப் போன்ற சின்னச் சொல் சேர்ந்து வருவது) நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். செட் அவுட் என்றால் தொடங்குதல், செட் அபௌட் என்றால் தொடங்குதல், செட் இன் என்றாலும் தொடங்குதல். மனப்பாடம் செய்ய வசதிதான், ஆனால் தேர்வு அறையில் உதவாது. கோடிட்ட இடத்துக்குக் கீழே கொடுத்திருக்கும் விடைகள் அத்தனையும் தொடங்குதலாகவே இருக்கும். யார் தொடங்கினார், எதைத் தொடங்கினார், அல்லது தானாகத் தொடங்கியதா என்பதை வைத்துத்தான் கழித்துக்கட்ட முடியும்.

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மதிப்பெண், 20 நிமிடம். தப்பு விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கணக்கையும் ரீசனிங்கையும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலப் பகுதிக்கு அந்த வழி கிடையாது. கணக்கில் கெட்டியான நம் ஊர்ப் பிள்ளைகளின் காலை வாரிவிடுவது பல நேரம் இந்தப் பகுதிதான்.

நான் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு கதை எழுதிக்கொண்டேன். காரைக்குடிப் பக்கம் பிறந்தவனுக்குக் கதைக்கா பஞ்சம்? பர்மாவிலுள்ள ரங்கூனுக்கு, செட்டியார் வட்டிக்கடை வேலைக்குப் போன ஒரு பையன். ஆள் கற்பனை, காலமும் ஊர்களும் நிஜம்.

பையன் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்கிறான், பிறகு மேலாளுக்கு உதவியான அடுத்தாள் ஆகிறான், கடைசியில் கடையையே நடத்தும் மேலாள். இந்த மாதிரி எந்த நிலையில் ஆரம்பித்து எங்கே போய் நின்றார் என்று சொல்லும் இடத்துக்கு ஸ்டார்ட் அவுட். பின்னால் 'ஆஸ்' நிற்கும். ஊரிலிருந்து கிளம்பி, சென்னையில் கப்பலேறியது செட் ஆஃப். 'ஃபார் ரங்கூன்' என்று வந்தால் செட் அவுட்டும் சரியே. ஆனால் சம்பாதித்து வந்து ஊரில் முகப்பும் வளவும் வைத்து வீடு கட்டியே தீருவது என்று இறங்கினான் என்றால், அங்கே செட் அவுட் மட்டும்தான். அடுத்து 'டு பில்ட்' வரும். செட் ஆஃபுக்கு வேறொரு வேலையும் உண்டு. பட்டாசு, அலாரம், கலவரம் போன்றவற்றைக் கிளப்பிவிடுவது அது.

கடையில் உட்கார்ந்து பேரேடு எழுதத் தொடங்கியது செட் அபௌட். இதற்குப் பின்னால் 'ரைட்டிங்' என்று இங் வரவேண்டும். செட் அவுட்டுக்கு டு, செட் அபௌட்டுக்கு இங். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் சிலவற்றைப் பொருள் பார்க்காமலே முடித்துவிடலாம். மும்முரமாக வேலையில் இறங்குவதைச் சொல்லும் கெட் டவுன் டு விஷயத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். என் சித்தப்பா மகனும் கேட்டான்.

"அண்ணே, அதிலயே டு இருக்கே. அப்ப கெட் டவுன் டு ரைட்னுதானே வரணும்?"

"அந்த டு வேறடா தம்பி. அதுக்கு அப்புறம் பெயர்ச்சொல் வருமான்னு பாரு. கெட் டவுன் டு பிசினஸ்னு சொல்றோம்ல? பெயர்ச்சொல் உட்கார்ற நாற்காலி அது. வினை உட்காரணும்னா இங் போட்டுக்கிட்டுத்தான் வரணும்."

ஆவலோடு எதிர்பார்ப்பதற்கு வரும் லுக் ஃபார்வர்ட் டுவுக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம்.

சரி, மேலாள் ஆனவர் பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சுக் கொடுத்துப் பழகியது ஸ்ட்ரைக் அப். நட்பு, உரையாடல் இரண்டுக்கும் பொருந்தும். அவரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டது என்டர் இன்டு. தனிக்கடை வைத்தது செட் அப். இந்த இடத்தில் நம் ஊர் வரலாறே கைகொடுக்கும். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். இதற்கு செட் அப் போடலாம், எஸ்டாப்ளிஷ் போடலாம், ஃபவுண்ட் போடலாம். ஃபவுண்டில் மட்டும் கவனம் வேண்டும். கண்டுபிடித்தார் என்பதற்கு வரும் ஃபவுண்ட் வேறு, நிறுவு என்னும் ஃபவுண்ட் வேறு. நிறுவினார் என்றால் ஃபவுண்டெட் என்றுதான் எழுத வேண்டும். இனாகுரேட் இவற்றோடு சேராது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையத்துக்கு நேரு 1948 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ராதாகிருஷ்ணன் செய்ததுதான் இனாகுரேட். போர்டுகளில் பார்க்கும் இன்ஸ்டிட்யூட் என்ற சொல்கூட வினையாக வரும். விசாரணை, வழக்கு போன்றவற்றைத் தொடங்குவதற்கு.

இதுவரை ஆள் தொடங்கியவை. இனி வருபவை தாமாகத் தொடங்குபவை. அதிகம் பேர் மதிப்பெண் விடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். 1930 வாக்கில் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவையும் பிடித்தது. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார் வட்டிக்கடைக்காரர்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. இந்த மந்தத்துக்கு வரும் வினை செட் இன். வேண்டாத ஒன்று வந்து, லேசில் போகாமல் குடியிருப்பது. அடைமழை, குளிர், பயம், சீழ் எல்லாம் செட் இன் ஆகும். சம்பள உயர்வு ஆகாது.

1939இல் போர் மூண்டது. மூளுவதற்கு பிரேக் அவுட். போர், தீ, நோய், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். தானாக மூளுவதால் இதற்குச் செயப்பாட்டு வினை கிடையாது. 'வாஸ் புரோக்கன் அவுட்' என்று கண்ணில் பட்டால் யோசிக்காமல் பிழை என்று குறித்துவிடலாம். பெயர்ச்சொல்லாகும்போது துண்டுகள் இடம் மாறி அவுட்பிரேக் ஆகும். ஆனால் ஸ்டார்ட்அப்பைப் பார்த்துவிட்டு அப்ஸ்டார்ட்டும் தொழில் தொடங்கியவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்கிறோமே, அந்த ஆள்தான் அப்ஸ்டார்ட்.

1941 டிசம்பரில் ஜப்பான் பர்மாவைத் தாக்கியதும் நம் ஆள் கடையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். இங்கே புதிதாக ஒரு மில் தொடங்க முனைந்தால் அது எம்பார்க் ஆன். பெரிய, துணிச்சலான காரியங்களுக்கு வரும் கம்பீரமான வினை. காப்பி போட ஆரம்பிப்பதற்கெல்லாம் இதைப் போட்டால் சிரிப்பார்கள். கமென்ஸும் அப்படித்தான், அலுவலகக் கடிதத்தில் அழகாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் கிக் ஆஃப். பந்தாட்டம், கூட்டம், விழா போன்றவற்றுக்கு. வயதான காலத்தில் தோட்டம் போடப் பழகியது டேக் அப். வண்டி, எஞ்சினுக்கு ஸ்டார்ட் உண்டு, பிகின் கிடையாது.

'இட்' எங்கே நிற்கும் என்பதையும் கதையிலேயே குறித்துக்கொண்டேன். செட் இட் அப், டேக் இட் அப் என்று நடுவில் நுழையும். செட் அபௌட், கெட் டவுன் டு, எம்பார்க் ஆன், என்டர் இன்டு ஆகியவற்றில் கடைசியில்தான் நிற்கும்.

பழைய வினாத்தாள்களில் புதிதாக ஒரு வினை கிடைத்தால் அதற்கும் கதையில் ஓர் இடம் பார்ப்பேன். கம்ப்யூட்டருக்கான பூட் அப்புக்குத்தான் ரங்கூன் கடையில் இடம் கிடைக்கவில்லை. அதை மட்டும் ஓரத்தில் தனியாக எழுதி வைத்தேன்.