முள் விழுந்ததைப் பார்த்தவர்

'ஓடிக்கொண்டே இருந்த வண்டி நின்றுபோகிறது' என்று யாராவது வந்தால் இப்போதெல்லாம் நான் உடனே பானட்டைத் திறப்பதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஓட்டியவரை உட்காரச் சொல்கிறேன். எங்கே நின்றது, ஏற்றத்திலா இறக்கத்திலா, கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து, ஏ.சி. ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, குலுங்கிக் குலுங்கி நின்றதா, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றதா, மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிஷம் ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பக்கத்து சீட்டில் யாராவது வந்திருந்தால் அவரையும் கூப்பிட்டுக் கேட்பேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு அக்காவால் வந்தது.

என் பட்டறை செங்கோட்டையில், கொல்லம் ரோட்டில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை மலையாளத்துப் பக்கம் இருந்த ஊர் இது. நான் தொழில் படித்ததும் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில்தான். அங்கே மூத்த மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். புளியரையில் மலை ஏறத் தொடங்கினால் எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. எனக்கு வருகிற வண்டிகளில் பாதி இந்த மலையில் நின்ற வண்டிகள்தான்.

மலையில் எஞ்சின் ஆஃப் ஆவது வெறும் தொந்தரவு இல்லை. பெட்ரோல் காரில் பிரேக்கை லேசாக்கிக் கொடுக்கும் பூஸ்டர், எஞ்சின் இழுக்கும் காற்றில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றால் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் இரண்டு மூன்று மிதி கிடைக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். எஸ் வளைவில், பின்னால் பாரம் ஏற்றிய லாரி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று இந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசான் காலத்தில் அம்பாசடர் இதே மலையில் இதே மாதிரி நிற்கும். அது வேறு நோய். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், கார்பரேட்டருக்குப் பெட்ரோல் போகாது. பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால் 'சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும்' என்றால் பெட்ரோல் கோளாறுதான் என்று என் மண்டையில் பதிந்துபோயிருந்தது. இன்ஜெக்‌ஷன் (கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகள் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அது போகவில்லை.

குளத்துப்புழை பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி என்னிடம் வண்டி விடுவார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்காக 1976-ல் புனலூரில் ரப்பர் தோட்டக் கம்பெனி ஒன்று ஆரம்பித்தார்கள். அப்படிச் சின்ன வயதில் அப்பா அம்மாவோடு வந்து, ரப்பர் வெட்டி, மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குத் தென்காசியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மலை தாண்டி வர வேண்டும் என்பதற்காகவே ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியிருந்தார்.

பங்குனி மாசம், மத்தியானம் போன் வந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் எஸ் வளைவுக்கு மேலே வண்டி நின்றுவிட்டது, செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பைக்கில் பையனை ஏற்றிக்கொண்டு போனேன். லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா ரோட்டோரக் கல்லில் முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சியைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு பின் சீட்டுக்கு அடியில் காதை வைத்தேன். பம்ப் சத்தமே இல்லை. ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் நாலு தட்டு தட்டினேன். பம்ப் இறுகிக்கொண்டால் தட்டினால் ஓடும் என்பது எல்லா மெக்கானிக்கும் செய்கிற கைவேலை. செல்ஃப் அடித்தார், பிடித்துக்கொண்டது.

"பம்ப்தான் அண்ணாச்சி, மாத்திடலாம்" என்றேன்.

அக்கா எழுந்து வந்தார். "தம்பி, வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே இந்த முள்ளு பொத்துனு கீழ விழுந்திருச்சு" என்று டேஷ்போர்டில் ஆர்.பி.எம். முள்ளை, அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளைக் காட்டினார்.

"எஞ்சின் நின்னா முள்ளு விழத்தானே செய்யும் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலைப் பைக்குள் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பதில் என் காதில் விழுகிறது.

பம்ப் மாற்றினேன். அவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒன்பதாவது நாள் தென்மலையிலிருந்து ஏறி வரும்போது பதின்மூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி மறுபடி நின்றது. ஆஸ்பத்திரி நேரம் தவறிப்போனது. அண்ணாச்சி கோபப்படவில்லை. "என்னன்னு பாரு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி, கழற்றிப் போட்டிருந்த பழைய பம்பை எடுத்து பேட்டரியில் கரண்ட் கொடுத்தேன். கும்மென்று ஓடியது. அதற்கு ஒன்றுமே இல்லை.

வண்டிக் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன், கோளாறு எதுவும் பதிவாகவில்லை. பட்டறையில் ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டேன், நிற்கவில்லை. டாக்டரைப் பார்த்ததும் பல்வலி ஓடிப்போகிற கதைதான். நோய் மலையில் இருக்கிறது, நான் பட்டறையில் தேடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பம்புக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி, முன்னால் டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினேன். பம்புக்குக் கரண்ட் போனால் அது எரியும். கையில் ஒரு புது ஸ்பார்க் பிளக், மல்டிமீட்டர், இரண்டு பாட்டில் தண்ணீர். அண்ணாச்சி ஓட்ட, நான் பக்கத்தில், அக்கா பின்னால். வெயில் நேரம் பார்த்துக் கிளம்பினோம்.

முதல் நடை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நடை கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவுக்கு இறங்கும்போது, மூன்றாவது கியரில், எஞ்சின் சத்தம் அறுந்தது. "விழுந்திருச்சு" என்றார் அக்கா. முள் பூஜ்யத்தில் கிடந்தது.

வண்டி இன்னும் உருண்டுகொண்டிருந்தது. கியரில் இருந்தது. கிளட்ச் மிதிக்கவில்லை. அப்படியென்றால் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பெட்ரோல் நின்றிருந்தால் முள் ஆயிரத்துக்கு மேலே நின்று, வண்டி வேகம் குறையக் குறைய மெல்ல இறங்க வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, முள் மட்டும் பூஜ்யம். முள்ளுக்குச் செய்தி சொல்கிற ஆள்தான் செத்திருக்கிறான். எஸ் வளைவில் அக்கா சொன்னது இதைத்தான். வண்டி நிற்பதற்கு *முன்னாடியே* முள் விழுந்தது என்றார். அந்த 'முன்னாடியே'வை நான் காதில் வாங்கவில்லை.

ஹேண்ட்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து ஓரம் கட்டினோம். சாவியைத் திருப்பினேன். சாவி போட்டதும் பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்பது வழக்கம். அதே மாதிரி பல்பு இரண்டு வினாடி எரிந்து அணைந்தது. ஆக பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே சரி, பம்ப் ஒயர் சரி. செல்ஃப் அடித்தேன். எரிய வேண்டிய பல்பு எரியவில்லை, முள்ளும் அசையவில்லை. புது பிளக்கை, பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலில் செருகி எஞ்சின் பாடியில் வைத்து அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. பெட்ரோலும் இல்லை, பொறியும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கெடாது. இரண்டுக்கும் மேலே இருக்கிற ஒன்றுதான் கெட்டிருக்க வேண்டும்.

அதுதான் கிராங்க் சென்சார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பல்சக்கரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி மாதிரிக் கம்பிச் சுருள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு சின்னத் துடிப்பு கம்ப்யூட்டருக்குப் போகும். எப்போது பொறி கொடுக்க வேண்டும், எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பது அந்தத் துடிப்பை வைத்துத்தான். துடிப்பு நின்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா, அதனால் பம்பையும் அதுவே நிறுத்திவிடும். முதல் நாள் எனக்குப் பம்ப் சத்தம் கேட்காததற்குக் காரணம் இதுதான். ஸ்கேனரில் ஒன்றும் பதிவாகாததற்கும் இதுதான். கம்ப்யூட்டர் கணக்கில் அது கோளாறே இல்லை, நின்ற வண்டி. அன்றைக்கு நான் சாவி போட்டதும் வரும் இரண்டு வினாடிச் சத்தத்தைக் கேட்டிருந்தால், ஒரே ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி பார்த்திருந்தால், பம்பைத் தொட்டிருக்கவே மாட்டேன். சுத்தியலால் தட்டியபோது ஸ்டார்ட் ஆனது தட்டியதால் அல்ல. நான் போய்ச் சேர்ந்து, பார்த்து, தட்டி முடிப்பதற்குள் சென்சார் ஆறியிருந்தது.

தண்ணீரை சென்சார் மேல் மட்டும் மெல்ல ஊற்றினேன். பக்கத்தில் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேல் படக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஒன்றரை பாட்டில் காலியானது. செல்ஃப் அடித்ததும் முள் துள்ளி எழுந்தது, பல்பு எரிந்தது, எஞ்சின் பிடித்தது.

பட்டறைக்கு வந்து சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைத்தேன், மின்தடை 870 ஓம். எதிர்க் கடையில் டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை ஒரு டம்ளரில் வாங்கி, தலையை மட்டும் முக்கினேன். எண் ஏறியது: 900, 960, 1000 தாண்டியது. தாமிரம் சூடானால் அப்படி ஏறத்தான் செய்யும். திடீரென்று எண்ணே காணாமல் போனது. உள்ளே கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, சூட்டில் விரிந்தால் விலகும், ஆறினால் ஒட்டும். வெளியே எடுத்து ஆற விட்டேன். கொஞ்ச நேரத்தில் பழையபடி எண் வந்தது. பையன் மூன்று தடவை செய்து பார்த்தான், மூன்று தடவையும் அதேதான்.

சூட்டில் நிற்கும் வண்டிக்கெல்லாம் கிராங்க் சென்சார்தான் என்று நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் வந்த ஒரு வண்டியில் ரிலேக்குள் ஈயப்பற்று மயிரிழை விரிசல் விட்டிருந்தது, வெயிலில் நிறுத்தி எடுத்தால்தான் காட்டும். இன்னொன்றில் டேங்க் மூடியில் காற்றுத்துளை அடைத்து, மூடியைத் திறந்தால் 'உஸ்'ஸென்று காற்று உள்ளே இழுத்தது. ஆறினால் எல்லாமே ஓடும். அதனால்தான் வண்டி செத்துக் கிடக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் பார்க்க வேண்டும். அப்போது நான் அங்கே இல்லையென்றால், இருந்தவர் கண்ணால்தான் நான் பார்க்க முடியும்.

பம்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணாச்சி பாதியை எடுத்துக்கொண்டு மீதியை மேசையில் வைத்துவிட்டார். புது சென்சார் விலை அந்தப் பாதிக்கும் குறைவு. மாட்டிய மறுநாள், அதே மத்தியான வெயிலில், மூன்று பேருமாகத் தென்மலை வரை போய்த் திரும்பினோம். ஆரியங்காவில் வேண்டுமென்றே வண்டியை வெயிலில் நிறுத்தி, பானட்டைத் திறக்காமல் டீ குடித்தோம். எஞ்சின் சூடு முழுக்க உள்ளேயே கிடக்கட்டும் என்று கால் மணி நேரம் விட்டோம். திரும்பும்போது அக்காவை முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். சாவி திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. கோட்டைவாசல் ஏறி, எஸ் வளைவு இறங்கி, புளியரை வந்து சேரும் வரை அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை.

"நிக்குது தம்பி, முள்ளு நிக்குது" என்றார்.